கடலூர் முதுநகரையும் உப்பனாற்றுக் கரையையும் மீட்டெடுத்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரின் நடுப்பகுதி எது என்று கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கும். பேருந்தில் வந்திறங்குபவர் திருப்பாதிரிப்புலியூரைச் சொல்வார். அரசு அலுவலகங்களில் வேலையுள்ளவர் மஞ்சக்குப்பத்தைச் சொல்வார். விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு வருபவருக்கு முதுநகரே கடலூர். ஊர் தொடங்கிய இடம் இந்த மூன்றாவது இடம்தான் என்றாலும், நகர வளர்ச்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கடைசியாக நினைவுக்கு வருவதும் அதுவே. 1866இல் நகராட்சியாகி 2021இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட இந்த ஊரில், துறைமுகத்தை ஒட்டிய பழைய கடைத்தெருக்களையும் உப்பனாற்றின் கரையையும் எப்படி மீண்டும் தழைக்கச் செய்வது என்பதை, எந்த வேலை முதலில், எது பிறகு என்ற வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன். வார்டு உறுப்பினர்கள், வணிகர் சங்கத்தினர், மீனவப் பஞ்சாயத்தார், பொறியாளர்கள், முதுநகரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை என்ன செய்வது என்று யோசிக்கும் குடும்பத்தினர் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதுநகர் செத்துப்போன ஊர் என்று சிலர் பேசுகிறார்கள், அது தவறு. அங்கே நாள்தோறும் மீன் இறங்குகிறது, ஏலம் நடக்கிறது, வலை பின்னப்படுகிறது, காய்கறி விற்கிறது, ரயில் வருகிறது. கெட்டுப்போனவை வடிகாலும் சாலையும் பழைய கட்டடங்களும்தான். மக்களின் உழைப்பு கெடவில்லை. ஆகவே ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குக் குறுக்கே நிற்பவற்றை அகற்றுவது முதல் வேலையாகவும், புதிதாக எதையாவது கொண்டுவந்து நிறுத்துவது கடைசி வேலையாகவும் இருக்க வேண்டும். கீழே வரும் படிகளின் வரிசை இந்த ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தது.

முதல் படி: எல்லையை நடந்து வரைதல்

திட்ட வரைபடத்தை அலுவலக மேசையில் தொடங்கக் கூடாது. கடலூர் துறைமுகம் சந்திப்பு ரயில் நிலையத்தை ஒரு முனையாகவும், மீன் இறங்குதளத்தை மறுமுனையாகவும், பக்தவச்சலம் மார்க்கெட்டை நடுவாகவும் கொண்டு, ஒரே பாதையை மூன்று வேளைகளில் நடக்க வேண்டும்: விடியலுக்கு முன் நான்கு மணிக்கு, உச்சிவெயிலில் ஒரு மணிக்கு, இரவு எட்டு மணிக்கு. நான்கு மணி நடையில் ஊரின் உண்மையான போக்குவரத்து தெரியும். ஐஸ் ஏற்றிய வண்டி எந்த முடுக்கில் திணறுகிறது, கூடை தூக்கும் பெண்கள் எங்கே நிற்கிறார்கள், விளக்கில்லாத பகுதி எது என்பவை அப்போதுதான் புலப்படும். ஒரு மணி நடை நிழல் எங்கே இல்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும். எட்டு மணிக்கு நடக்கும்போது கடைகளைப் பார்ப்பதோடு நில்லாமல் மாடிகளையும் பார்க்க வேண்டும். மாடியில் விளக்கெரியாத கட்டடங்களை எண்ணி எழுதிக்கொண்டால், இந்தத் தெருக்களில் எத்தனை குடும்பங்கள் மீண்டும் குடியேற முடியும் என்ற கணக்கு அந்த எண்ணிலேயே இருக்கும்.

அதன்பின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தாள் போட வேண்டும். கதவு எண், கீழ்த்தளப் பயன்பாடு, மேல்தளப் பயன்பாடு, கட்டுமானம் சுண்ணாம்பா சிமென்டா, கூரை ஓடா, மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸா, கான்கிரீட் தளமா, மழையில் எவ்வளவு நீர் நின்றது என்பவை அதில் இருந்தால் போதும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவ விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலை இது. நீர் நின்ற உயரத்தை வீட்டிலுள்ள மூத்தவர்களிடமே கேட்க வேண்டும். 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களின் வெள்ளம் எந்தப் படிக்கட்டு வரை ஏறியது என்பதை எந்தக் கோப்பும் அவர்கள் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லாது.

இரண்டாம் படி: நிலம் யாருடையது, கேட்க வேண்டியது யாரிடம்

ஆற்றங்கரைத் திட்டங்கள் பாதியில் நிற்பதற்குப் பணப்பற்றாக்குறையை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரே கரைக்குப் பல உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சாலை மாநகராட்சியுடையதாகவோ நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருக்கலாம். ஆறு நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. மீன்பிடித் தளம் மீன்வளத் துறையைச் சேர்ந்தது. சரக்குத் துறைமுகம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தின் கீழ் வருகிறது. ரயில்வேக்குத் தனி நிலம் உண்டு. இவற்றுக்கிடையே கோயில் மனைகளும், வக்பு மனைகளும், பாகப்பிரிவினை முடியாத குடும்பச் சொத்துகளும் சிதறிக் கிடக்கும். சர்வே எண் வாரியாக நிறம் தீட்டிய ஒரே வரைபடம் கையில் வரும் வரை எந்த வடிவமைப்பாளரையும் அமர்த்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உப்பனாறு ஏற்றவற்றம் உள்ள ஆறு என்பதால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் அதன் இரு கரைகளுக்கும் பொருந்தும். இவ்விதிகள் 2011இலும் 2019இலும் அறிவிக்கப்பட்டவை. எந்த அறிவிக்கையின்படி தயாரித்த கடலோர மண்டல மேலாண்மை வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, உயர் அலைக் கோட்டை, அதாவது ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையை, தரையில் குறித்துக்கொண்ட பிறகே கரையில் எதையும் வரைய வேண்டும். கோட்டைக் குறிக்காமல் வரைந்த உணவகங்களும் படகுக் குழாம்களும் படத்தில் அழகாக இருக்கும். அனுமதிக்குப் போனால் ஓராண்டு வீணாகும்.

மக்களிடம் கேட்பதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022இல் தமிழ்நாடு அரசு விதிகள் வகுத்தது. அந்தச் சபைகளை நடுப்பகலில் கூட்டினால் மீன் தொழிலில் உள்ளவர்கள் வர முடியாது, வந்தாலும் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மாலை ஐந்து மணிக்குக் கூட்டுவது நல்லது. ஆற்றுக்கு அப்பால் உள்ள சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், அக்கரைகோரி ஆகிய ஊர்களின் பஞ்சாயத்தாரைத் தனியாகவும், அதே ஊர்களின் மீன் விற்கும் பெண்களைப் பஞ்சாயத்தார் இல்லாத இன்னொரு கூட்டத்திலும் சந்திக்க வேண்டும். இரு கூட்டங்களின் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால் இரண்டும் வேறு வேறு ஊர்களைப் பற்றியவையோ என்று தோன்றும்.

மூன்றாம் படி: நீரைச் சரிசெய்தல்

இந்தப் படியில்தான் பெரும்பாலான திட்டங்கள் வழுக்கி விழுகின்றன. கரையில் டைல்ஸ் பதித்து, அலங்கார விளக்கு நட்டு, திறப்புவிழா நடத்தியபின், அருகிலேயே கழிவுநீர் கருப்பாக ஓடினால் யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். ஆற்றங்கரையின் முதல் அலங்காரம் நாற்றமில்லாத நீர்தான்.

கடலூரின் நீரமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். தென்பெண்ணை வடக்கே கடலில் சேர்கிறது. கெடிலம் நகரை ஊடறுத்து வருகிறது. பரவனாறும் உப்பனாறும் தெற்கிலிருந்து வந்து முதுநகரை ஒட்டிக் கெடிலத்தோடு கலந்து முகத்துவாரம் வழியாகக் கடலை அடைகின்றன. நிலமோ மிகத் தாழ்ந்தது. இந்தக் கடற்கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், தாழ்ந்த ஊருக்கு அந்தச் சிறு வேறுபாடே போதும். கடல் ஏறியிருக்கும்போது மழையும் பெய்தால் வடிகால் நீர் ஆற்றுக்குப் போகாமல் ஆற்றுநீர் வடிகாலுக்குள் திரும்பி வரும். தெருவில் நீர் நிற்பதற்குச் சாக்கடை அடைப்பைக் காரணம் காட்டுவது வழக்கம். பல இடங்களில் உண்மைக் காரணம் வடிகாலின் வாய் மிகவும் தாழ்ந்திருப்பதே.

ஆகவே ஆற்றில் வந்து விழும் ஒவ்வொரு வடிகாலின் வாயையும் எண்ணிட்டு, அதன் அடிமட்டத்தை லெவல் கருவியால் அளந்து, உயர் அலை மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். தாழ்ந்தவற்றுக்கு ஆற்றுநீர் உள்ளே ஏறாதபடி தானே மூடிக்கொள்ளும் மடைக்கதவும், அது மூடியிருக்கும் நேரத்தில் மழைநீர் தேங்கிநிற்க ஒரு குளமோ தொட்டியோ, நீரேற்றும் மோட்டாரும் தேவைப்படும். தேங்கும் இடத்துக்கு நிலம் வாங்க வேண்டும் என்றில்லை. தூர்ந்துபோன பழைய குளங்களைத் தேடிப் பார்த்தால் பாதி வேலை அங்கேயே முடியும். மழைநீர் வடிகாலில் கழிவுநீர்க் குழாயைச் சேர்த்திருக்கும் வீடுகளையும் விடுதிகளையும் கண்டறிந்து பாதாளச் சாக்கடையில் மாற்றி இணைப்பது இதோடு சேர்ந்த வேலை. வசைபாடி இதைச் செய்விக்க முடியாது. இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் வாங்கினால் நடக்கும்.

நீரின் தரத்தைத் தொடக்கத்திலேயே அளந்து வைக்க வேண்டும். குளிப்பதற்குரிய நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்துள்ள அளவு, ஒரு லிட்டரில் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், நீரிலுள்ள கழிவின் அளவைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருப்பது. அந்த அளவை அடைய ஆண்டுகள் ஆகலாம். ஆனால் மாதந்தோறும் ஒரே இடத்தில், ஒரே அலை நிலையில் எடுத்த எண்களை மீன் ஏலக்கூடத்துச் சுவரில் எழுதிவைத்தால் ஊரே கண்காணிப்பாளராகிவிடும். தெற்கே ஆற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதால் கன உலோகங்களுக்கான சோதனையையும் சேர்ப்பதே முறை. மீன் வாங்குபவருக்கு அந்த விடை தெரிந்தாக வேண்டும்.

நான்காம் படி: மீன்பிடித் தொழிலைக் கரையின் மையத்தில் வைத்தல்

நீர்முனையை அழகுபடுத்தும் திட்டங்கள் பல ஊர்களில் மீனவர்களை ஓரத்துக்குத் தள்ளித்தான் முடிந்திருக்கின்றன. மீன் வாடை சுற்றுலாவுக்கு ஆகாது என்ற ஓர் எண்ணம் பொதுவாக இருக்கிறது. முதுநகருக்கு வெளியூர்க்காரர்கள் வருவதே மீனுக்காகத்தான் என்னும்போது அந்த எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. வாடைக்குக் காரணம் மீன் அல்ல. கழுவிவிட நீரும், கழிவை அள்ள வண்டியும், வடிகாலுக்குச் சரிவும் இல்லாத தரைதான்.

எனவே கரையில் முதலில் கட்ட வேண்டியவை இவை: கழுவினால் நீர் வழிந்தோடும்படி சரிவு வைத்த ஏலத்தளம், அதற்கு மேல் காற்றோட்டமான உயர்ந்த கூரை, ஐஸ் பார் இறக்க வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் மேடை, குடிநீர், பெண்களுக்கான கழிப்பறை. கழிப்பறையை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு வந்து காத்திருந்து, மீன் எடுத்து, கூடையோடு ஊர் ஊராகப் போகும் பெண்கள்தான் இந்த வணிகத்தின் முதுகெலும்பு. துறைமுக வரைபடங்களில் மிக எளிதாக மறந்துபோவது அவர்களுக்கான அறையும் உட்காரத் திண்ணையும்தான். கூடையோடு ஏறினால் முகம் சுளிக்கும் பேருந்துகளை நம்பியிராமல், ஏலம் முடியும் நேரத்தில் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம் வழிகளில் போகும் ஒரு வண்டி ஏற்பாடும் இருந்தால், மீன் வாடாமல் வீடு சேரும்.

வலை உலர்த்தவும் பின்னவும் விரிந்த வெற்றிடம் வேண்டும். வரைபடத்தில் அது காலியிடமாகத் தெரிவதால் வாகன நிறுத்தமாகவோ பூங்காவாகவோ மாற்றப்படும் ஆபத்து அதற்கு எப்போதும் உண்டு. அந்த இடத்துக்கு ‘வலைத்திடல்’ என்றே பெயரிட்டு வரைபடத்தில் எழுதிவைப்பது, சிறு செயல் என்றாலும், பிற்காலத்தில் காப்பாற்றும்.

கட்டுமானத்துக்கான காலத்தைக் கணிப்பதிலும் ஒரு நுட்பம் உள்ளது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்பிடிப்பு இல்லாத அந்தக் காலத்தில் கரையில் வேலை செய்துவிடலாம் என்று ஒப்பந்ததாரர்கள் நினைப்பது இயல்பு. நடப்பதோ நேர்மாறு. படகுகள் அனைத்தும் அப்போதுதான் பழுதுபார்க்கவும் வண்ணம் பூசவும் கரையில் நெருங்கிக் கிடக்கும். தச்சர்களும் எஞ்சின் மெக்கானிக்குகளும் ஓய்வின்றி வேலை செய்யும் காலம் அது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக, கரையில் தோண்டுவதற்குப் பொங்கல் முடிந்ததிலிருந்து ஏப்ரல் நடு வரையிலும், பின்னர் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும்தான் நேரம். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: கடலோடு விளையாடுமுன் புதுச்சேரியைப் பார்த்தல்

வடக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் ஒரு பாடம் கடலோரத்திலேயே கிடக்கிறது. புதுச்சேரியில் 1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பத்து முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புக் கற்சுவர்கள் கட்டப்பட்டன. சோழமண்டலக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் சில மாதங்கள் திரும்பி வந்தாலும் நிகரக் கணக்கு வடக்குநோக்கியதே. சுவர் குறுக்கே நின்றதும் தெற்கில் மணல் சேர்ந்தது. வடக்கில், காந்தி சிலைக்கு எதிரே இருந்த மணற்பரப்பு கரைந்துபோய்க் கருங்கற்கள் கொட்டிய கரைதான் மிஞ்சியது. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் மணலில்லாத கடற்கரையைப் பார்த்து வளர்ந்த பிறகு, 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் ஆப்பு வடிவ எஃகுத் தடுப்பு இறக்கப்பட்டு, தலைமைச் செயலகத்தை ஒட்டி மணல் மீண்டும் சேரத் தொடங்கியது.

இதிலிருந்து கடலூர் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி எளிது. முகத்துவாரத்தில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்), சுவர் நீட்டிப்பு, தூர்வாரல் என்று எது நடந்தாலும் அதன் விலையை வடக்கே இருக்கும் தேவனாம்பட்டினம் செலுத்தும். தூர்வாரிய மணலை லாரியில் ஏற்றி விற்றுவிடாமல் வடகரையில் கொட்டுவதை நிபந்தனையாக்க வேண்டும். கடற்கரைக் கோட்டை ஆண்டுக்கு இருமுறை, பருவமழைக்கு முன்னும் பின்னும், ஒரே இடங்களிலிருந்து அளந்து வைப்பதற்குச் செலவு மிகக் குறைவு.

தேவனாம்பட்டினத்துக் கடற்கரையான சில்வர் பீச்சில் உயர்கோபுர விளக்குகள் வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் இக்கரையில் ஏறி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஊரும். விளக்கு தாழ்வாகவும், கடலுக்கு முதுகு காட்டியும் இருந்தால் மனிதருக்கும் போதும், ஆமைக்கும் கேடில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆற்றுக்கும் கடலுக்கும் செங்குத்தாக ஓடும் தெருக்களை எந்தப் பூங்காச் சுவரும் வேலியும் மறிக்கக் கூடாது என்ற விதி அந்த நாளின் நினைவில் பிறக்க வேண்டியது. ஓடித் தப்புவதற்கும், பிற்பகல் கடற்காற்று ஊருக்குள் வருவதற்கும், மழைநீர் வெளியே போவதற்கும் அந்தத் தெருக்களே வழி. ஒரே மதிற்சுவரால் மூன்றையும் அடைத்துவிட முடியும் என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஆறாம் படி: தெருவும் நிழலும் தெருவோர வியாபாரிகளும்

கடைத்தெருவை மீட்பது என்றாலே ஆக்கிரமிப்பு அகற்றம் என்று புரிந்துகொள்ளும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. புல்டோசர் வந்துபோன மறுவாரம் அதே இடத்தில் அதே பூக்கடை திரும்பவும் இருக்கும். இடையில் அந்தக் குடும்பம் ஒரு வாரம் பட்டினி கிடந்திருக்கும், அவ்வளவுதான் மாற்றம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இதற்கு வேறு வழி தருகிறது. நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாகவும், அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும். கணக்கெடுத்துச் சான்று வழங்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம் என்பது சட்டத்தின் வரம்பு. 2011 கணக்கெடுப்பில் கடலூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.73 லட்சம், அதைக் கொண்டு பார்த்தால் ஊர் முழுவதற்கும் நான்காயிரத்துக்கும் சற்று மேற்பட்ட வியாபாரிகள். பயப்படும் அளவுக்குப் பெரிய எண்ணில்லை; இடம் குறித்துக் கொடுத்துவிடலாம்.

நடைபாதை கடைத்தெருவில் இரண்டரை மீட்டர் அகலத்துக்கு வரவேண்டும். முடியாத இடத்தில் 1.8 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும். மின்மாற்றியும் கம்பமும் விளம்பரப் பலகையும் அந்த அகலத்துக்குள் நிற்குமானால் அது நடைபாதை ஆகாது. அதைக்கூடத் தர முடியாத குறுகிய முடுக்குகளில் நடைபாதை கட்டுவதையே விட்டுவிட்டு, தெரு முழுவதையும் ஒரே மட்டமாக்கி, சரக்கு வண்டிகளைக் காலை எட்டு மணிக்குள் வந்துபோகச் சொல்வதே அறிவு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை நிறுத்திவைக்கும் பழக்கம் எப்படிப் பிடித்துப்போனது என்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு தெருவை வாரத்தில் ஒரு மாலை மட்டும் மூடிப் பார்க்கும் துணிவு வரும். வணிகர்கள் தொடக்கத்தில் எதிர்ப்பார்கள். மூன்று மாதம் சோதனையாகச் செய்து, விற்பனை கூடியதா குறைந்ததா என்று அவர்களையே சொல்லவிட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் திறந்துவிடலாம். தடுப்புக் கம்பிகளுக்குத்தானே செலவு.

மரம் நடும்போது கொன்றை, குல்மொகர் என்று படத்துக்கு அழகானவற்றைத் தேடாமல், உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை, பூவரசு, புங்கன் ஆகியவற்றை நட வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் கரைகடந்தபோது எந்த மரம் சாய்ந்தது, எது நின்றது என்பதை ஊரார் மறக்கவில்லை. பேவர் பிளாக்கை மரத்தின் கழுத்துவரை இறுக்கிப் பதிப்பதை நிறுத்தினாலே பாதி மரங்கள் பிழைக்கும்.

ஏழாம் படி: பழைய கட்டடங்கள்

இதில் புதுச்சேரியிடம் கற்கவும் வேண்டும், அதைப் பார்த்து எழுதாமலும் இருக்க வேண்டும். அங்கே தமிழர் பகுதியிலுள்ள வைசியாள் வீதியில், 2002 முதல் நடந்த, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ் மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் அரசும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டனர். 2008இல் அந்த வீதிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. முழு வீதியையும் ஒரே அலகாக எடுத்துக்கொண்டதும், வீட்டுக்காரரைப் பங்காளியாக்கியதும்தான் அதன் வெற்றி. முதுநகரிலும் சிதறலாகப் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுக்காமல், தொடர்ச்சியாக ஒரு வீதியின் இரு பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஆனால் பிரெஞ்சுக் குடியிருப்பின் மஞ்சள் வண்ணத்தை இங்கே கொண்டுவந்து பூசுவது பொருந்தாது. கடலூரின் வீதிகளுக்குத் துறைமுக வணிகத்தின் முகம் உண்டு; கிடங்கும், மாடி வீடும், ஓட்டுத் தாழ்வாரமும், மரப் பலகைக் கடைக்கதவும்தான் அதன் அடையாளங்கள்.

அதே புதுச்சேரியில், கடற்கரையோரம் நின்ற, பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே கட்டி 2021இல் திறந்தார்கள். விழுந்தபின் எழுப்பலாம் என்பதற்கு அது சான்று. விழுமுன் கூரை ஒழுக்கை அடைப்பது எவ்வளவு மலிவு என்பதற்கும் அதுவே சான்று. எனவே பட்டியலிட்ட கட்டடங்களில் முதல் ஆண்டில் முகப்புக்குச் செலவிடாமல், கூரை ஒழுக்கு, மழைநீர்க் குழாய், சுவரில் முளைத்த அரசங்கன்று ஆகிய மூன்றை மட்டும் கவனித்தால் போதும்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரைச் சிமென்டால் பூசக் கூடாது. கடலோரச் சுவரில் உப்பும் ஈரமும் ஊறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துச் செங்கலை உதிர வைக்கும். கடுக்காய் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள் என்பதால், முதல் வீதியின் வேலையையே பயிற்சிக் களமாக்கி இளைஞர்களைச் சேர்க்க வேண்டும். புதிதாகக் கட்டும் இடங்களில் இரும்புக் கைப்பிடியைத் தவிர்த்துக் கருங்கல் தூண் நடுவது நல்லது. உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பதற்குக் கடற்கரையில் எந்தப் பழைய பெஞ்சையும் தொட்டுப் பார்க்கலாம்.

பூட்டிக் கிடக்கும் மாடிகளைத் திறப்பது கடினமான வேலை. வாடகைக்கு விட்டால் திரும்ப வாங்க முடியாது என்ற அச்சம் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்தின் எச்சம். 2017இல் இயற்றப்பட்டு 2019 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஒப்பந்தத்தைப் பதிவுசெய்து காலவரையறையோடு விட வழி செய்கிறது. இதை விளக்கும் ஓர் உதவி மேசையை மாநகராட்சி அலுவலகத்தில் வைப்பது, ஒரு நீரூற்று கட்டுவதை விடப் பயன் தரும்.

எட்டாம் படி: ஊரின் கதையும் விழாவும்

வெளியூர்க்காரருக்குக் காட்டக் கடலூரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. திருநாவுக்கரசர் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டு மிதந்து கரையேறியதாகச் சொல்லப்படும் இடம் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரிலேயே இன்றும் இருக்கிறது. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேரும் என்பது ஒப்பந்தம். குண்டு விழுந்த ஊர்கள் எல்லையாயின. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த 1746 முதல் 1752 வரை இந்தக் கோட்டைதான் ஆங்கிலேயரின் தலைமையிடம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைத் தகர்த்தது. 1918இல் பாரதி சிறைவைக்கப்பட்டது கடலூரில். 1890இல் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் சென்னையில் நடந்த போராட்டத்தில் சிறை சென்றார். இவற்றுக்கு அருங்காட்சியகம் கட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரயில் நிலையத்திலிருந்து ஆற்றங்கரை வரையிலும், அங்கிருந்து தேவனாம்பட்டினம் வரையிலும் கருங்கல்லில் பொறித்த சிறு குறிப்புகள் போதும். தமிழ் பிழையின்றி இருந்தால் இன்னும் நல்லது.

புதிய திருவிழாக்களைக் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றங்கரையிலும், மாசி மகத் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினத்திலும் மக்கள் தாமாகவே திரளுகிறார்கள். கரையின் படித்துறை, கழிப்பறை, நிழல், குடிநீர், வழியனுப்பும் தெரு ஆகியவற்றை அந்த இரு நாள் கூட்டத்துக்குப் போதுமானவையாக வடிவமைத்தால், மற்ற நாள்களுக்கு அவை தாராளமாக இருக்கும்.

ஒன்பதாம் படி: பணமும் பராமரிப்பும்

கட்டுவதற்கு நிதி கிடைத்துவிடும்; மத்திய, மாநிலத் திட்டங்களும் வங்கிக் கடன்களும் வரிசையில் நிற்கின்றன. துடைப்பதற்கும் விளக்கை மாற்றுவதற்கும் எந்தத் திட்டமும் நிதி தராது. ஆகவே ஒவ்வொரு மதிப்பீட்டிலும் பத்தாண்டுப் பராமரிப்புச் செலவை ஒரு தனிப் பக்கமாக இணைத்து, அதை எந்த வருவாயிலிருந்து எடுப்பது என்பதை அதன் கீழேயே எழுத வேண்டும். மார்க்கெட் குத்தகை, வாகன நிறுத்தக் கட்டணம், ஏலத்தளக் கட்டணம் ஆகியவற்றை மாநகராட்சிப் பொதுநிதியில் கரைக்காமல் முதுநகருக்கென்று தனிக் கணக்கில் வைக்க மன்றத் தீர்மானம் வேண்டும். அந்தப் பக்கம் நிரம்பாத வேலை எதுவாயினும், அது எவ்வளவு கவர்ச்சியானதாக இருந்தாலும், தள்ளிப்போடப்பட வேண்டும். நிரம்பாத பக்கத்தின் மேல் கையெழுத்திடுபவர்கள்தான் மூன்றாண்டில் எரியாத விளக்குக் கம்பங்களுக்குப் பொறுப்பு.

பத்தாம் படி: முதல் ஓராண்டு

ஜனவரியில் பொங்கல் கழிந்ததும் மூன்று வேளை நடையும் கட்டடத் தாள்களும் தொடங்கலாம். மார்ச்சுக்குள் நில உரிமை வரைபடமும் வடிகால் மட்டங்களும் கைக்கு வரவேண்டும். அதே காலத்தில் பகுதி சபைக் கூட்டங்களை முடித்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் நடுவில் தடைக்காலம் தொடங்கியதும் கரையில் எதையும் தொடாமல், ஊருக்குள் தெரு வேலைக்கும் வியாபாரிகள் கணக்கெடுப்புக்கும் ஆள்களைத் திருப்பலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆற்றோர வடிகால் வாய்களும் ஏலத்தளச் சரிவும். செப்டம்பரில் பட்டியலிட்ட வீடுகளின் கூரை ஒழுக்கு. அக்டோபரிலிருந்து எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டு மழையைக் கவனிக்க வேண்டும். நீர் நின்ற உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கோடாக வரைந்து, தேதியையும் அலை நேரத்தையும் அருகில் எழுதிவைக்க ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவரை நியமிக்கலாம்.

அடுத்த ஜனவரியில் அதே பாதையை அதே மூன்று வேளைகளில் மீண்டும் நடக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மாடிகளில் எரியும் விளக்குகள், விடியற்காலையில் ஏலத்தளத்தில் உட்கார இடம் கிடைத்த பெண்கள், நீர்த்தர எண்கள் ஆகியவற்றைச் சென்ற ஆண்டின் தாளுக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். அவற்றுக்கெல்லாம் முன்பாக, பௌர்ணமியை ஒட்டிய உயர் அலை நேரத்தில் ஆற்றங்கரைக்குப் போய், ஒவ்வொரு வடிகால் வாயிலும் மடைக்கதவு தானாக மூடிக்கொள்கிறதா, அல்லது குப்பை சிக்கித் திறந்தே நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.